ஊருக்குப் போகும் பொதிகள்

இங்கே எம்மவர் ஒருவர் காலமானால், விசா கிடைக்காமல் ஊரிலிருக்கும் தாயாரும் உடன்பிறந்தோரும் இறுதிக்கிரியைகளைக் காண்பது இன்று பெரும்பாலும் இணையவழி ஒளிபரப்பின் மூலமாகவே. தேவாரம் ஓதி முடிந்து, பேழை மூடப்படும் தறுவாயில் படம் அசையாது நின்றுவிடுகிறது. சில நிமிடங்களின் பின் மீண்டும் அசையத் தொடங்கும்போது மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். "அங்கத்தைய லைன் சரியில்லை" என்று இங்குள்ளவர்களும், "வெளிநாட்டிலிருந்து ஒழுங்காக அனுப்புகிறார்களில்லை" என்று அங்குள்ளவர்களும் குறைகூறிக்கொள்வர். அங்குள்ளவர்களின் கூற்றிலும் நியாயம் உண்டென்பதே எமது அபிப்பிராயம். தூரத்துக்கு ஏற்றவாறு ஒழுங்குசெய்யப்படாத கணனியிலிருந்து அனுப்பினால், இடையிலுள்ள கம்பி எவ்வளவு அகலமானதாக இருந்தாலும் பயனில்லை.

பெரிய கம்பனிகளின் தளங்களில் ஒளிபரப்புவோருக்கு இவ்விடயத்தின் பெரும் பகுதியை அக்கம்பனிகளே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் கோயில்கள், தமிழ்ப் பாடசாலைகள், பழைய மாணவர் சங்கங்கள், வானொலிகள் எனப் பல அமைப்புகள் மாத வாடகைக்கு எடுத்த சிறியதொரு லினக்ஸ் சேர்வரிலேயே தமது தளத்தை நடத்துகின்றன. அதைப் பராமரிப்பவர் பெரும்பாலும் ஊதியமின்றி இரவில் கண்விழிக்கும் ஒரு பிள்ளை. இக்கட்டுரை முதலில் அப்பிள்ளைக்கு. அடுத்து, பிள்ளை கணனியின் முன் என்னதான் செய்கிறது என்று அறிய விரும்பும் பெற்றோருக்கு.

இணையத்தில் எதுவும் முழுதாகப் போவதில்லை. படமோ குரலோ கடிதமோ, எல்லாமே சுமார் 1500 பைற் கொண்ட சிறு பொதிகளாக உடைக்கப்பட்டே செல்கின்றன. போர்க்காலத்தில் ஊருக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு இதன் பின் நடப்பதை விளக்குவது கடினமன்று. கடிதங்கள் முன்பின்னாகப் போய்ச் சேரும். சில சேரவே மாட்டா. ஆகையால் தலைப்பில் 14, 15, 16 என்று இலக்கமிட்டு எழுதினால், "15 வரவில்லை" என்று பதில் வரும். 15ஐ மீண்டும் எழுதி அனுப்பலாம். ரி.சி.பி. எனப்படும் நெறிமுறை செய்வதும் இதுவே. ஒவ்வொரு பைற்றுக்கும் இலக்கம் உண்டு. பெறுபவர் "இதுவரை பெற்றுக்கொண்டேன்" என்று பதில் அனுப்புவார். பதில் வராதது மீண்டும் அனுப்பப்படும். யூ.டி.பி. என்ற மற்றைய நெறிமுறை சாதாரண தபாலைப் போன்றது. போட்டால் போட்டதுதான், கேள்வி கேட்க முடியாது.

இரண்டும் ஏன் தேவைப்பட்டன? வின்ற் சேர்வ், பொப் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட திட்டத்தில் எல்லாம் ஒரே நெறிமுறையாகவே இருந்தது. குரலைப் பொதிகளாக அனுப்பிப் பரிசோதித்தவர்களே அதைப் பிரிக்குமாறு வற்புறுத்தினர். உரையாடலில் ஓர் அசை தொலைந்தால் காது பொறுத்துக்கொள்ளும். தொலைந்த அசையை மீட்பதற்காக மீதிப் பேச்சு முழுவதையும் நிறுத்திவைத்தால் உரையாடலே கெட்டுவிடும். எனவே 1978இல் நெறிமுறை பிரிக்கப்பட்டது; 1980இல் யூ.டி.பி. வரையறுக்கப்பட்டது. இன்று கைத்தொலைபேசியில் அம்மாவுடன் நாம் பேசும் குரல் பெரும்பாலும் யூ.டி.பி. வழியாகவும், சேர்வரிலிருந்து பார்க்கும் ஒளிபரப்பும் இணையப் பக்கங்களும் பெரும்பாலும் ரி.சி.பி. வழியாகவும் செல்கின்றன.

நானூறு யார் தூரத்தில் ஒரு நெரிசல்

1983 ஜனவரி 1ஆம் திகதி அமெரிக்க ஆய்வு வலையமைப்பான ஆர்பாநெற் முழுவதும் ரி.சி.பி.க்கு மாறியது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பில் இந்நெறிமுறை உள்ளடக்கப்பட்டிருந்தது. அதன் மூலம் இது பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பரவியது. அன்று முதல் ரி.சி.பி.யைத் திருத்துவதென்றால் யுனிக்ஸைத் திருத்துவது என்றாயிற்று.

1986 ஒக்ரோபரில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 யார் மாத்திரமே. அவ்விணைப்பில் செக்கனுக்கு 32,000 பிற் சென்றுகொண்டிருந்தது. அது திடீரென 40 பிற் ஆக வீழ்ந்தது. செக்கனுக்கு ஐந்து எழுத்து! கையால் எழுதி, நடந்து போய்க் கொடுத்திருக்கலாம். கம்பியில் எவ்விதப் பழுதும் இருக்கவில்லை. வழியில் பொதிகள் தேங்கியதால் பதில்கள் தாமதித்தன. பதில் வராததைக் கண்ட கணனிகள் அவை தொலைந்துவிட்டன என்று எண்ணி மீண்டும் மீண்டும் அனுப்பின. அதனால் தேக்கம் மேலும் பெருகியது. சென்றவற்றுள் பெரும்பாலானவை ஏற்கெனவே சென்றவற்றின் பிரதிகளே.

இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், மைக் கரல்ஸ் ஆகியோர் கண்ட தீர்வு 1988இல் பேர்க்லி யுனிக்ஸின் அடுத்த பதிப்பில் வெளியாயிற்று. தொடக்கத்தில் சில பொதிகளை மட்டும் அனுப்பு. பதில் வரவர அளவை இரட்டிப்பாக்கு. பொதி தொலைந்தால் வழியில் நெரிசல் என்று கொண்டு உன் வேகத்தைப் பாதியாகக் குறை. பின் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார். இவ்வளவுதான். இதைச் செய்யும்படி எந்தக் கணனியையும் எவரும் கட்டாயப்படுத்த முடியாது. ஒவ்வொரு கணனியும் தானாகவே ஒதுங்கி வழிவிடுகிறது. உலகம் முழுவதும் இணையம் நின்றுவிடாமல் ஓடுவது இந்தத் தன்னடக்கத்தினால் என்றால் மிகையாகாது.

தூரத்தின் கணக்கு

இனி எமது பிரச்சினைக்கு வருவோம். இலண்டனிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையினுள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். ஆகவே ஒரு பொதி போய், அதற்கான பதில் திரும்பி வர ஆகக் குறைந்தது 87 மில்லிசெக்கன் வேண்டும். கடலடி வடங்களோ நேர்கோட்டில் செல்வதில்லை. 2005இல் சேவைக்கு வந்த, கொழும்பையும் பிரான்சின் மார்செய்யையும் இணைக்கும் வடம் செங்கடல், சுயெஸ், மத்தியதரைக் கடல் என்று சுற்றியே வருகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கான வழியையும், அங்குள்ள கைத்தொலைபேசிக் கோபுரத்தையும் சேர்த்து 200 மில்லிசெக்கன், அதாவது செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கனடாவிலிருந்து அனுப்புவோருக்கு இன்னும் கூடும்.

ரி.சி.பி.யில், பதில் வருவதற்கு முன் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சாளரம் என்பர். ஆரம்ப வடிவமைப்பில் இச்சாளரத்தின் உச்ச அளவு 65,535 பைற். செக்கனுக்கு ஐந்து முறைதான் பதில் வரும் என்றால், செக்கனுக்கு ஐந்து சாளரமே அனுப்பலாம்: ஏறத்தாழ 328,000 பைற், அதாவது 2.6 மெகாபிற். உங்கள் சேர்வரின் இணைப்பு 100 மெகாபிற் ஆக இருந்தாலும், யாழ்ப்பாணத்தில் பார்ப்பவருக்கு 10 மெகாபிற் இணைப்பு இருந்தாலும், போவது 2.6 மாத்திரமே. ஓரளவு தெளிவான நேரடிப் படத்துக்கு 3 அல்லது 4 மெகாபிற் வேண்டும். படம் ஏன் நிற்கிறது என்பது இப்போது புரியும். இதே சேர்வரைப் பக்கத்துத் தெருவிலிருந்து பார்ப்பவருக்குப் படம் அருமையாக ஓடும். ஆகவே இங்குள்ள எவரும் குறையைக் காணமாட்டார்.

இந்த எல்லையை நீக்கும் வழி 1992இல் வரையறுக்கப்பட்டது. சாளரத்தை இரண்டின் மடங்குகளாக ஒரு கிகாபைற் வரை பெருக்க அது இடமளிக்கிறது. இன்றைய லினக்ஸில் இது இயல்பாகவே இயங்குவதுடன், தேவைக்கேற்பச் சாளரத்தைத் தானே கூட்டியும் கொள்ளும். எனவே முதல் வேலை எதையும் மாற்றுவதன்று. எவராவது முன்னர் மாற்றிக் கெடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பதே.

பார்க்க உதவும் கட்டளை சிஸ்கொன்ரோல் எனப்படுவது. எழுதும்போது உயிரெழுத்துகள் விடுபட்டு, சிஸ் என்பதோடு சி, ரி, எல் என்ற மூன்றெழுத்தும் சேர்ந்திருக்கும். அதனால் வெளியிடப்படும் நீண்ட பட்டியலில் ரி.சி.பி. விண்டோ ஸ்கேலிங், ரி.சி.பி. ராக், ரி.சி.பி. ரைம்ஸ்ராம்ப்ஸ் ஆகிய மூன்றும் 1 என இருக்க வேண்டும். முதலாவது மேலே சொன்ன சாளரப் பெருக்கம். இரண்டாவதின் ஆங்கில எழுத்துகள் எஸ், ஏ, சி, கே. இடையில் தொலைந்த பொதிகளை மட்டும் குறிப்பிட்டுக் கேட்கும் வசதி அது. 2019 ஜூனில் லினக்ஸின் இப்பகுதியில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டபோது, தற்காலிகப் பரிகாரமாக இதை 0 ஆக்கும்படி பலருக்கு ஆலோசனை கூறப்பட்டது. குறை உடனேயே திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் அன்று அணைத்த பலர் மீண்டும் ஏற்ற மறந்திருப்பர். தூர வழியில் பத்துப் பொதியில் மூன்றாவது தொலைந்தால், இவ்வசதி இல்லாத கணனி எவை எவை போய்ச் சேர்ந்தன என்று அறியாமல் தடுமாறும்.

அடுத்து ஆர்மெம், டபிள்யூமெம் என்ற இரண்டு. முன்னையது பெறுவதற்கும், பின்னையது அனுப்புவதற்கும் ஒதுக்கப்படும் நினைவகம். ஒவ்வொன்றிலும் குறைந்தது, தொடக்கம், உச்சம் என மூன்று எண்கள் இருக்கும். எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது: வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்குக. 100 மெகாபிற்றை 0.2 செக்கனால் பெருக்கினால் 20 மெகாபிற், அதாவது 2.5 மெகாபைற். லினக்ஸில் அனுப்பும் பக்கத்தின் வழமையான உச்சம் 4 மெகாபைற். ஒளிபரப்புக்கு இது தாராளம். இரு சேர்வர்களுக்கிடையே பெருங் கோப்புகளை ஒரு கிகாபிற் வேகத்தில் நகர்த்துவோருக்கு மாத்திரமே 25 மெகாபைற்றுக்கு மேல் தேவைப்படும்.

இதைப் படித்துவிட்டு உச்சத்தை 64 மெகாபைற் ஆக்கி வைப்போம் என்று எண்ணுவோர் ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். இறுதிக்கிரியையை 200 பேர் பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பு. எல்லா இணைப்பும் உச்சத்தைத் தொட்டால் 12.8 கிகாபைற் வேண்டும். வாடகைச் சேர்வரில் இருப்பதோ 2 கிகாபைற். இந்த மொத்தத்துக்கு வரம்பிடும் ரி.சி.பி. மெம் என்ற இன்னோர் அமைப்பும் உண்டு. அதிலுள்ள எண்கள் பைற் அல்ல. 4,096 பைற் கொண்ட நினைவகப் பக்கங்கள். பைற் என்று எண்ணிப் பெரிய எண்ணை எழுதுவோர் வரம்பையே அழித்துவிடுகிறார்கள்.

வேகமாக்கும் "மருந்துச்சீட்டுகளை" அப்படியே பிரதிசெய்வோருக்கு ஓர் உதாரணம் போதும். ரி.சி.பி. ரி.டபிள்யூ. றீசைக்கிள் என்ற அமைப்பை 1 ஆக்கினால் சேர்வர் இலகுவாகும் என்று பல ஆண்டுகள் எழுதப்பட்டு வந்தது. அது ஒரே முகவரியிலிருந்து வரும் எல்லாப் பொதிகளையும் ஒரே கணனியின் பொதிகளாகக் கருதும். நேரக்குறி பிந்தியதாகத் தோன்றுபவரைச் சத்தமின்றித் தள்ளிவிடும். கைத்தொலைபேசிக் கம்பனிகளோ ஆயிரக்கணக்கானோரை ஒரே முகவரியின் பின் வைத்திருக்கின்றன. ஆகவே இங்குள்ள வீட்டு இணைப்புகளிலிருந்து தளம் நன்றாகத் திறக்கும். ஊரில் கைத்தொலைபேசியில் பார்ப்போருக்குச் சிலவேளை திறக்கும், சிலவேளை திறக்காது. எத்தனை பேர் தமது தொலைபேசியையே நொந்துகொண்டார்களோ! 2017இல் வெளியான லினக்ஸ் 4.12இல் இவ்வமைப்பு முற்றாக நீக்கப்பட்டது. பழைய பதிப்பு ஓடும் சேர்வரில் அது 1 என்றிருந்தால் உடனே 0 ஆக்குக.

யாருடைய பங்கு எவ்வளவு

சாளரம் அகலமாயிற்று. ஆனால் வழியில் பொதி தொலைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற 1988ஆம் ஆண்டு விதி இருக்கிறதல்லவா? தூரத்தில் இருப்பவரை அது கூடுதலாகத் தண்டிக்கிறது. குறைத்த வேகம் மீண்டும் ஏறுவது பதில்கள் வரும் கதியில்தான். பதில் செக்கனுக்கு ஐம்பது முறை வருபவருக்கும் ஐந்து முறை வருபவருக்கும் ஏற்றம் ஒன்றாகாது. நூற்றுக்கு ஒரு பொதி தொலையும் வழியில், பழைய விதிப்படி 200 மில்லிசெக்கன் தூரத்திலிருப்பவருக்குக் கிடைக்கக்கூடியது செக்கனுக்குச் சுமார் 90 கிலோபைற். அதே இழப்பில் 20 மில்லிசெக்கன் தூரத்திலிருப்பவருக்குப் பத்து மடங்கு கிடைக்கும்.

இதைத் திருத்தப் பலர் முயன்றனர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான கியூபிக் என்ற முறை, ஏற்றத்தைப் பதில்களின் எண்ணிக்கையால் அன்றி, கடந்த நேரத்தால் அளக்கிறது. 2006 முதல் லினக்ஸின் இயல்பான முறை அதுவே. எனினும் பொதி தொலைந்தால் நெரிசல் என்றே கியூபிக்கும் கொள்கிறது. கைத்தொலைபேசி அலைவரிசையில் மழையாலும் மதிலாலும் பொதி தொலையலாம் என்பதை அது அறியாது.

2016இல் கூகிள் வெளியிட்ட பி.பி.ஆர். என்ற முறை வேறு வழியில் செல்கிறது. வழியின் உண்மையான கொள்ளளவையும் ஆகக் குறைந்த போய்வரும் நேரத்தையும் அது தொடர்ந்து அளந்து, அதற்கேற்ற கதியில் அனுப்புகிறது. ஒரு பொதி தொலைந்தவுடன் பதறுவதில்லை. அதன் ஆக்கியோர் வரிசையில் அதே வான் ஜேக்கப்சனின் பெயரும் காணப்படுகிறது. இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் தன் விதியைத் தானே திருத்த வந்தவர்! லினக்ஸ் 4.9 முதல் இது கிடைக்கிறது. ரி.சி.பி. கொன்ஜெஸ்சன் கொன்ரோல் என்ற அமைப்பில் கியூபிக் என்றிருப்பதை பி.பி.ஆர். என்று மாற்றினால் போதும். பிரீபி.எஸ்.டி. பயன்படுத்துவோருக்கு இதற்கான அமைப்பின் பெயர் வேறு. அதில் கியூபிக் இயல்பான முறையானது 2023இல் வெளியான 14ஆம் பதிப்பிலேயே.

இம்மாற்றம் அனுப்பும் கணனியில் மட்டும் செய்யப்பட வேண்டியது. பெறுபவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஊரிலுள்ள கம்பனியிடம் விண்ணப்பிக்கவும் வேண்டியதில்லை. இங்கிருந்தவாறே எழுபது வயதுத் தாய்க்குப் படத்தைச் சீராக்கலாம்.

எனினும் ஒரு தயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பி.பி.ஆரின் முதற் பதிப்பு, அதே வழியில் செல்லும் கியூபிக் இணைப்புகளை நெருக்கித் தன் பங்கிலும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்பது ஆய்வுகளில் சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. ஊரில் ஒரு கோபுரத்தின் கீழ் நாம் அனுப்பும் ஒளிபரப்பை ஒருவர் பார்க்க, பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடக் குறிப்பை இறக்கிக்கொண்டிருக்கலாம். இழப்பு அதிகமான வழிக்கு அனுப்பும் சேர்வரில் இதை வைப்பது நியாயம் என்பதே எமது கருத்து. எல்லாக் கணனியிலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவது அத்தகையதன்று.

வீட்டில் குரல் ஏன் வெட்டுகிறது என்ற கேள்விக்கும் விடை இதனருகிலேயே உள்ளது. பிள்ளை மேலறையில் வீடியோ ஏற்றத் தொடங்கியதும் கீழே அம்மாவுடனான அழைப்பு தடுமாறுகிறது. குரல் யூ.டி.பி.யில் செல்கிறது, அதற்கு வேண்டியது மிகச் சிறிய இடமே. ஆனால் வீட்டு மோடத்தின் தேக்கிடம் 256 கிலோபைற் என்றும், வெளியே அனுப்பும் வேகம் ஒரு மெகாபிற் என்றும் கொண்டால், நிரம்பிய தேக்கம் வடிய இரண்டு செக்கன் ஆகும். அம்மாவின் கேள்விக்கு நாம் சொல்லும் பதில் அந்த வரிசையின் பின்னால் நிற்கிறது. பொதிகளைக் கைவிட மனமின்றித் தேக்கிடங்களைப் பெருப்பித்த உற்பத்தியாளர்களே இதற்குக் காரணம். 2012இல் கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் என்ற முறை, வரிசையில் அதிக நேரம் நின்ற பொதியை வேண்டுமென்றே கைவிட்டு, அனுப்புபவருக்கு நெரிசலை உணர்த்துகிறது. அதன் வளர்ச்சியான எவ்.கியூ. கோடெல், ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை வைத்து முறைவைத்து விடுகிறது. பழைய கணனியொன்றில் லினக்ஸை ஏற்றி வீட்டு ரவுட்டராக வைப்போர், இதனுடன் வெளிச்செல்லும் வேகத்தை உண்மை வேகத்திலும் சற்றுக் குறைவாக வரையறுத்தால், தேக்கம் மோடத்தில் உருவாகாது. வீடியோ ஏறச் சிறிது கூடுதல் நேரம் எடுக்கும். பேச்சு தெளிவாக இருக்கும்.

சிஸ்கொன்ரோல் மூலம் நேரடியாகச் செய்யும் மாற்றங்கள் கணனியை மீள இயக்கியதும் மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டியவற்றை ஈ.ரி.சி. அடைவின் கீழுள்ள சிஸ்கொன்ரோல் டி. என்ற அடைவில் ஒரு கோப்பில் எழுத வேண்டும். அதற்கு முன் பழைய எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்க. ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றுக. இரண்டை மாற்றினால் எது உதவியது என்று அறிய முடியாது. எஸ்.எஸ். என்ற கட்டளையை ரி, ஐ என்ற குறிகளுடன் இயக்கினால், ஒவ்வோர் இணைப்பின் போய்வரும் நேரத்தையும், எந்த முறை நடைமுறையில் உள்ளது என்பதையும், எத்தனை பொதிகள் மீள அனுப்பப்பட்டன என்பதையும் காணலாம்.

பரிசோதனையை இங்கிருந்து செய்வதில் பயனில்லை. ஊரிலுள்ள ஒருவரிடம் 100 மெகாபைற் கோப்பொன்றை உங்கள் சேர்வரிலிருந்து இறக்கச் சொல்லி, எடுத்த நேரத்தைக் கேட்டறிக. மாற்றத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும், இரண்டையும் அங்கே எல்லோரும் தொலைபேசியில் இருக்கும் இரவு எட்டு மணியளவில் செய்க. அவருடைய டேற்றாவுக்கான ரீலோட்டை முன்னதாகவே போட்டுவிடுங்கள்.